உஷார்! பட்டிக்கு அடியில் ஓட்டை: வீட்டு வாசலில் பழைய கார் புதுப்பிப்பவர்களுக்கு ஓர் அவசர எச்சரிக்கை

பழைய அம்பாசடரையோ ஃபியட்டையோ வாசலில் நிறுத்தி, 'ஞாயிற்றுக்கிழமைகளில் நாமே தகரம் வெட்டி, பட்டி போட்டு, பெயிண்ட் அடித்துவிடலாம்' என்று கிளம்பியிருக்கிறீர்களா? கையில் கிரைண்டர் இருந்தால் முதலில் அதைக் கீழே வையுங்கள். பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இதைப் படித்து முடித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். எடுக்காமலே விட்டாலும் நஷ்டமில்லை.

இன்ஜின் வேலை என்றால் பயந்துகொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். பிரேக் என்றால் இன்னும் பயம். பாடி வேலைக்கு மட்டும் எல்லோருக்கும் துணிச்சல் வந்துவிடுகிறது. 'தகரம்தானே, தேய்த்து மினுக்கினால் ஆச்சு' என்ற நினைப்பு. விஷயம் நேர்மாறு. பழைய காரில் உயிருக்கு உலை வைக்கும் வேலையும், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கவைக்கும் வேலையும், ஒருமுறை கெட்டால் திரும்பச் சரிசெய்ய முடியாத வேலையும் பாடியில்தான் இருக்கின்றன.

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கத்துக்காரர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே உஷாராக வேண்டும். நகரியும் புத்தூரும் பக்கத்திலேயே இருப்பதால் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பழைய வண்டி சல்லிசாக வந்து சேரும். கோடையில் மாநிலத்தின் அதிகபட்ச வெப்பம் பதிவான ஊர்களில் திருத்தணியின் பெயர் அடிக்கடி அடிபடும். அந்த வெயிலில் தகரக் கொட்டகைக்குள் தின்னர் டின் எப்படிப் புகையும் என்று யோசியுங்கள். வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. பல தெருக்களில் தறிச் சத்தம் கேட்கிறது, பஞ்சுத்தூசி பறக்கிறது. இந்தச் சூழலில் ஒரு பொறி போதும்.

உஷார் 1: எல்லை தாண்டிய வண்டி, எல்லை தாண்டாத காகிதம்

ம.பொ.சி. போன்றோர் போராடி, 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது. ஊர் இந்தப் பக்கம் வந்துவிட்டது. நகரியில் வாங்கிய வண்டியின் காகிதம் தானாக வந்துவிடாது.

ஏ.பி. 03 என்று தொடங்கும் சித்தூர் பதிவு வண்டியை வாங்கினால், அங்கே உள்ள அலுவலகத்திலிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 47-ம் பிரிவின்படி, வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், இங்கே புதிய பதிவெண் வாங்கியாக வேண்டும். திருவள்ளூர் என்றால் டி.என். 20. வரியும் இங்கே கட்ட வேண்டும். முதல் 15 ஆண்டுப் பதிவு முடிந்த வண்டிக்கு, அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு இந்தப் புதுப்பிப்புக்கான கட்டணத்தை உயர்த்திவிட்டது. 20 வயது தாண்டிய காருக்கு 10,000 ரூபாய்.

'வண்டி முதலில் ரெடியாகட்டும், பேப்பர் வேலையை அப்புறம் பார்த்துக்கலாம்' என்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். லட்சக்கணக்கில் செலவழித்து மினுமினுக்க வைத்த பிறகு, ஆர்.சி.யில் இருக்கும் நம்பரும் வண்டியில் இருக்கும் நம்பரும் வேறு வேறு என்று தெரிந்தால் அழுதும் பயனில்லை.

சேசிஸ் நம்பர் குத்தப்பட்ட இடத்தைக் கண்டுபிடித்து, அழுக்கைத் துணியால் துடைத்து, போட்டோ எடுத்து வையுங்கள். மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் கிரைண்டர் படக் கூடாது, வெல்டிங் படக் கூடாது, பட்டி படவே கூடாது. துரு அரித்து நம்பர் மங்கியிருந்தால், நீங்களாக உளி எடுத்துத் திருத்தாதீர்கள். நம்பரைத் திருத்திய வண்டியைப் பார்த்தால் போலீசுக்கு முதலில் வரும் சந்தேகம் திருட்டு வண்டி என்பதுதான். நேராக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கேளுங்கள்.

சென்னை புதுப்பேட்டைக்குப் போய்க் கதவும் மட்கார்டும் வாங்கி வருபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பழைய பாகம் மலிவாகக் கிடைக்கும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். எந்த வண்டியிலிருந்து கழன்று வந்த கதவு என்று நாளைக்கு யாராவது கேட்டால், உங்கள் கையில் காட்ட அந்தத் துண்டுக் காகிதம் மட்டும்தான் இருக்கும்.

உஷார் 2: வெட்டினால் 'விண்டேஜ்' போச்சு

இது பலருக்குத் தெரியாது. தெரிந்தபோது காலம் கடந்திருக்கும்.

2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, சொந்த உபயோக இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு இது பொருந்தும். பதிவெண்ணில் மாநில எழுத்துகளுக்குப் பக்கத்தில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். இந்த வண்டியைத் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் இறக்கலாம்.

இதில் முக்கியமான நிபந்தனை ஒன்று இருக்கிறது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸிலோ பாடி கூட்டிலோ இன்ஜினிலோ மாற்றம் செய்யும் அளவுக்குப் பெரிய வேலை நடந்திருக்கக் கூடாது. மாநில அரசு அமைக்கும் குழு வண்டியைப் பார்த்துத்தான் முடிவு சொல்லும். அதாவது, ஆர்வக்கோளாறில் கூரையை வெட்டி 'ஓபன் டாப்' ஆக்கினீர்கள், பின் மட்கார்டை அகலப்படுத்தினீர்கள் என்றால், 50 ஆண்டு காப்பாற்றி வைத்த தாத்தாவின் வண்டி அந்த ஒரு மதியத்தில் தகுதியை இழந்துவிடலாம். 1970-களின் நடுவில் பதிவான பிரீமியர் பத்மினிகள் இப்போதுதான் இந்த வயதை எட்டுகின்றன. இந்த நேரத்தில் அவசரப்பட்டு ரம்பம் எடுக்காதீர்கள்.

50 வயது ஆகாத வண்டிக்கும் தப்ப வழியில்லை. சட்டத்தின் 52-ம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மீறி வண்டியை மாற்றத் தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. நிறத்தை மாற்றினாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும். வெள்ளை வண்டியைக் கருஞ்சிவப்பாக்கும் ஆசை இருந்தால், பெயிண்ட் கடைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள்.

உஷார் 3: தகரமா, பட்டியா?

வாங்கப் போகும்போது அனுபவப்பட்ட டிங்கர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். நீங்கள் பெயிண்டின் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அவர் அதைத் திரும்பியும் பார்க்கமாட்டார். குனிந்து, கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டின் அடிவிளிம்பில் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவார். 'டங், டங்' என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'தொப்' என்று அமுங்கும். அங்கே நின்று, பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அடியிலிருந்து லேசாக அழுத்துவார். முனை உள்ளே போய்விடும். 'இன்னா சார், இங்க தகரமே கெடயாது. பட்டிதான் தகரமா நிக்குது' என்பார்.

பட்டி குற்றவாளி அல்ல. நெளிவை நிமிர்த்திய பிறகு மேற்பரப்பைச் சமமாக்க 2, 3 மில்லிமீட்டர் கனத்துக்கு வைப்பது முறையான வேலை. ஓட்டையில் துணியையும் பேப்பரையும் திணித்து, மேலே அரை அங்குலப் பட்டி பூசி, பெயிண்ட் அடித்து விற்பதுதான் மோசடி. பட்டி ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்றைத் தாண்டினால் உள்ளிருந்து துரு கிளம்பிப் பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கும்.

சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கூரையில் வைத்தால் கப்பென்று பிடிக்கும். அதே காந்தம் கதவின் கீழ்ப்பகுதியிலும் மட்கார்டின் வளைவிலும் வழுக்கி விழுந்தால், அங்கே தகரத்துக்கும் காந்தத்துக்கும் நடுவே வேறென்னவோ இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அதற்கு அடியில் இருக்கும் ஃபெல்ட் ஒருமுறை நனைந்தால் மாதக்கணக்கில் காயாது. டிரைவர் கால் வைக்கும் இடம், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளம், பேட்டரி ஆசிட் வழிந்த தட்டு, முன்கண்ணாடி பீடிங்கின் கீழ் மூலைகள், பின் ஸ்பிரிங் பாடியோடு சேரும் இடம், ஜாக்கி முட்டுக்கொடுக்கும் இடம். இந்த ஆறையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

உஷார் 4: இந்த வண்டிக்குப் பாடியேதான் சேசிஸ்

ஜீப்புக்குத் தனிச் சேசிஸ் உண்டு. பெருங்களத்தூர் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் உண்டு. பாடியைக் கழற்றி ஓரமாக வைத்தாலும் அடிச்சட்டம் நிற்கும். 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடரும், ஃபியட் 1100 வழிவந்த பத்மினியும் அப்படியல்ல. அவற்றில் தரைத் தகரம், ரன்னிங் போர்டு, தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. ரன்னிங் போர்டு அழகுக்கு வைத்த பட்டை இல்லை, வீட்டு உத்தரம் மாதிரி சுமை தாங்குவது.

அதை முழுதாக வெட்டி எடுத்தால் வண்டி நடுவில் தொய்யும். கண்ணுக்குத் தெரியாது. சில மில்லிமீட்டர்தான். புதுத் தகரத்தை வைத்து வெல்டிங் அடித்த பிறகு கதவைச் சாத்திப் பாருங்கள், பூட்டு சேராது. தொய்ந்த நிலையிலேயே பற்றவைத்தாகிவிட்டது. இனி வெட்டித்தான் பிரிக்க வேண்டும். நல்ல பட்டறையில் வெட்டும் முன்பே கதவு வாய்களுக்குக் குறுக்கே எல்-ஆங்கிள் அடித்து இறுக்குவார்கள், குறுக்களவுகளைச் சுவரில் எழுதி வைப்பார்கள், ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறு பக்கத்தைத் தொடுவார்கள், கொஞ்சம் வெட்டிக் கொஞ்சம் ஒட்டுவார்கள். அந்தப் பொறுமையும் சமதளமும் உங்கள் வாசலில் இருக்கிறதா?

சரியாக ஒட்டாத தகரத்தோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, புது வண்டிப் பூஜைக்கு மலைப்பாதையில் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். மேலே இருக்கும் முருகன் காப்பாற்றுவார். கீழே இறங்கும் வளைவில் பிரேக் பிடிக்கும்போது, ஸ்பிரிங் முட்டு பாடியைக் கிழித்துக்கொண்டு வந்தால் யார் காப்பாற்றுவது?

ஜாக்கி விஷயம் இன்னும் மோசம். வண்டிக்கு அடியில் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுப்பது தற்கொலை. ஹாலோ பிளாக்கையும் செங்கல்லையும் அடுக்குவதும் அதேதான். அவை விரிசல் விடுவதில்லை, நொறுங்குகின்றன. சமதளமான சிமென்ட் தரையில், ஆக்ஸிலுக்கோ உறுதியான சட்டத்துக்கோ அடியில் இரும்பு ஸ்டாண்ட் வையுங்கள். துருப்பிடித்த ஜாக்கி முட்டு, வண்டியைத் தூக்கும்போது பொறுத்துக்கொண்டு நீங்கள் அடியில் போன பிறகு உள்வாங்கும்.

உஷார் 5: காலி டேங்க்தான் குண்டு

'பெட்ரோல் எல்லாம் வடிச்சாச்சு சார், டேங்க் காலி.' இந்த ஒரு வாக்கியம் எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கும்! பெட்ரோல் திரவம் வெடிப்பதில்லை, ஆவிதான் வெடிக்கிறது. காற்றில் சுமார் 1.4 சதவீதம் முதல் 7.6 சதவீதம் வரை பெட்ரோல் ஆவி கலந்தால் பொறி பட்டதும் வெடிக்கும். நிறைந்த டேங்கில் அந்தக் கலவைக்கு இடமில்லை. வடித்த டேங்கில் முழுக்க முழுக்க அதுதான். பல வருஷம் கழற்றிப் போட்ட டேங்கின் மூலையிலும் மடிப்பிலும் பழைய பெட்ரோல் ஒட்டியிருக்கும். வெல்டிங் சூடு பட்டதும் அது ஆவியாகும். தண்ணீர் விட்டுக் கழுவினோம் என்பதும் போதாது. பெட்ரோல் டேங்கை வீட்டில் பற்றவைக்காதீர்கள். விதிவிலக்கே கிடையாது.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். பக்கத்து வீட்டு அடுப்போ தறி மோட்டாரின் சுவிட்சோ அதைப் பற்றவைக்கலாம்.

டேங்கைக் கழற்றி அடுத்த தெருவில் வைத்தாலும் கதை முடியவில்லை. பாடியோடு ஓடும் பெட்ரோல் குழாய், சீட்டுக்குள் ரப்பரும் தேங்காய் நாரும், தரையில் பூசிய தார், டேஷ்போர்டுக்குப் பின்னால் 40 வருஷத்து ஒயர். வெளிப்புறம் வெல்டிங் அடிக்கும்போது, உள்புறம் சத்தமில்லாமல் ஃபெல்ட் கனன்றுகொண்டிருக்கும். வேலை முடித்து, பூட்டி, சாப்பிடப் போன பிறகுதான் தீ தலைகாட்டும். அதனால்தான் கடைசி வெல்டிங்குக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் கூடாது. ஆக்ஸிஜன் சிலிண்டர் வால்வில் எண்ணெய், கிரீஸ் பட்ட கை வைக்கக் கூடாது. அழுத்த ஆக்ஸிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். சமையல் கேஸ் சிலிண்டரைக் கட்டிங்குக்கு எடுப்பது சட்டப்படியும் தப்பு, உயிருக்கும் உலை.

இன்னொன்று, பலரும் கேள்விப்படாதது. சில பிரேக் கிளீனர், கிரீஸ் நீக்கும் ஸ்ப்ரேக்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். லேபிளில் 'டெட்ராகுளோரோஎதிலீன்', 'டைகுளோரோமீத்தேன்' போன்ற பெயர்கள் தென்படும். அதை அடித்துத் துடைத்த தகரத்தில் ஈரம் காய்வதற்குள் வெல்டிங் அடித்தால், சூட்டிலும் வெளிச்சத்திலும் அது பாஸ்ஜீன் வாயுவாகச் சிதையும். முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு. உடனே ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

வெல்டிங் வெளிச்சத்தைக் கண்ணாடி இல்லாமல் வேடிக்கை பார்த்த குழந்தைக்கு அன்றிரவுதான் கண்ணில் மணல் கொட்டினாற்போல் எரியும். தெருவோர வீடு என்றால் வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

உஷார் 6: கட்டிங் வீலுக்கும் ஆயுசு உண்டு

நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு சுமார் 11,000 சுற்றுச் சுற்றும். அந்த வேகத்தில் வீல் உடைந்தால் சில்லு எங்கே பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. 'கார்டு இடைஞ்சலா இருக்கு' என்று கழற்றி எறிவதுதான் நம் ஊர் வழக்கம். கழற்றாதீர்கள்.

நல்ல கம்பெனி வீலின் நடுவே ஒரு சின்ன உலோக வளையம் இருக்கும். அதைத் திருப்பிப் பாருங்கள், மாதமும் வருடமும் குத்தியிருக்கும். அதுதான் அதன் காலாவதி. வீலைப் பிணைத்திருக்கும் பிசின் ஈரத்தில் இற்றுப்போகும். போன மழைக்காலம் முழுக்கத் தரையில் கிடந்த வீலை எடுத்து மாட்டுவது எமனுக்கு முகவரி கொடுப்பது. கட்டிங் வீலைப் படுக்கவைத்துத் தேய்க்கவும் கூடாது.

உஷார் 7: தூசியில் ஈயம்

வீட்டுச் சுவர்ப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கு மட்டும். 1960-களிலும் 70-களிலும் அடித்த காரின் பெயிண்டில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு நிறங்களில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உலர் உப்புத்தாள் போட்டு மெஷினில் தேய்த்தால், அந்த ஈயம் மாவாகப் பறந்து திண்ணையில், துளசி மாடத்தில், கொடியில் காயும் துணியில், தவழும் குழந்தையின் கையில் படியும். குழந்தையின் ரத்தத்தில் ஈயம் 'இவ்வளவு இருந்தால் பரவாயில்லை' என்று சொல்லும் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேய்த்தே ஆக வேண்டுமானால் தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பரில் தேயுங்கள். வழியும் சேற்றை வாளியில் பிடியுங்கள். அந்தச் சட்டையோடு வீட்டுக்குள் போகாதீர்கள், குழந்தையைத் தூக்காதீர்கள்.

கம்ப்ரஸரில் ஆற்றுமணலைப் போட்டு 'சாண்ட் பிளாஸ்ட்' செய்கிறோம் என்பவர்கள் கவனிக்க: பிரிட்டன் 1950-லேயே அந்த வேலைக்கு மணலைத் தடை செய்துவிட்டது. சிலிக்கா தூசி நுரையீரலைக் கல்லாக்கும், அதற்கு மருந்தில்லை. மெல்லிய தகரம் அந்த அடியில் நெளிந்தும் போகும். சக்கரத்தைக் கழற்றும்போது பிரேக் டிரம்மில் இருக்கும் கறுப்புத் தூசியை வாயாலும் காற்றாலும் ஊதாதீர்கள். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

உஷார் 8: டின்னுக்குள் இருக்கும் எமன்கள்

பாத்ரூம் ஆசிட்டை ஊற்றித் துருவை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். துரு அந்த நேரத்துக்குப் போகும். தகர மடிப்புக்குள் புகுந்த ஆசிட்டைக் கழுவி எடுக்கவே முடியாது. பெயிண்டுக்கு அடியில் அது முன்னைவிட வேகமாக அரிக்கும்.

பழைய பெயிண்டை உரிக்கும் ரிமூவர்களில் டைகுளோரோமீத்தேன் இருந்தால், மூடிய அறையில் அதன் ஆவி ஆளைச் சாய்க்கும். சாவுகள் நடந்த பிறகு, அமெரிக்கா 2019-ல் இத்தகைய ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தியது.

ஓட்டைக்கு ஃபைபர் மேட் ஒட்டுபவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ரெசினோடு இரண்டு சின்னப் பாட்டில்கள் தருவார்கள். ஒன்று ஊதாநிற கோபால்ட், இன்னொன்று தண்ணீர்போல் இருக்கும் ஹார்ட்னர். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்ட்னர். அந்த ஹார்ட்னர் கண்ணில் ஒரு சொட்டுப் பட்டால் பார்வையே போகலாம்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து பளபளப்பாக வருகிறது. ஹார்ட்னர் சேர்த்து அடிக்கும் பி.யூ. பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. போபாலில் 1984-ல் கசிந்ததும் இந்தக் குடும்பத்து ரசாயனம்தான். இது வேறு வகை, அவ்வளவு எளிதில் ஆவியாகாது. ஆனால் ஸ்ப்ரே கன்னில் புகையாகத் தூவும்போது நேராக நுரையீரலுக்குப் போகும். வேலையிடத்தில் வரும் ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று இது. ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், அடுத்தமுறை துளி மூச்சில் போனாலும் மூச்சுமுட்டும். மூக்கைச் சுற்றிக் கட்டிய கைக்குட்டையோ மருந்துக்கடை மாஸ்க்கோ இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. தனியே சுத்தமான காற்று வரும் குழாய் முகமூடியும் ஸ்ப்ரே அறையும் உள்ள இடத்தில் மட்டுமே இதை அடிக்க வேண்டும்.

'நாங்க என்.சி. பெயிண்ட்தான் அடிக்கிறோம்' என்பவர்கள் நிம்மதியாக வேண்டாம். அதில் ஐசோசயனேட் இல்லை, தீ இருக்கிறது. தரையில் படிந்து காய்ந்த அதன் தூள்கூடப் பற்றி எரியும்.

இங்கேதான் நம் வீட்டுப் பழக்கம் குறுக்கே வருகிறது. ஆயுத பூஜைக்கோ ஆடிக் கிருத்திகைக்கோ வண்டி ரெடியாக வேண்டுமென்று முந்தின நாள் இரவு பெயிண்ட் அடித்து, காலையில் மூடிய கொட்டகைக்குள்ளேயே எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டுகிறோம். பக்கத்தில் திறந்த தின்னர் டின், மூலையில் பெயிண்ட் துடைத்த வேஸ்ட் துணி. கற்பூரத்தை வெளியே, வண்டியிலிருந்து தள்ளிக் காட்டுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

அப்படியென்றால் வீட்டில் என்னதான் செய்யலாம்?

நிறையச் செய்யலாம். நெருப்பும் புகையும் ரம்பமும் இல்லாத வேலையெல்லாம் உங்களுடையது.

• கதவு அடியிலும் ரன்னிங் போர்டிலும் இருக்கும் வடிதுளைகளில் கம்பி விட்டு மண்ணை எடுங்கள். பாதித் துரு அங்கேதான் பிறக்கிறது.

• தரை ஃபெல்ட்டைக் கழற்றி வெயிலில் போடுங்கள். நம் ஊர் வெயிலால் ஆகும் ஒரே நல்ல காரியம் இது.

• பீடிங், கைப்பிடி, விளக்கு, குரோம் பட்டைகளைக் கழற்றி, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள். கழற்றும் முன் போட்டோ எடுங்கள்.

• துரு இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, பட்டறைக்குப் பட்டியல் தயார் செய்யுங்கள்.

• வேலை முடிந்து வந்த பிறகு, கதவு, ரன்னிங் போர்டு உள்பக்கக் குழிகளில் துரு தடுக்கும் மெழுகோ எண்ணெயோ செலுத்துங்கள்.

பட்டறைக்காரரிடம் வெல்டிங் முடிந்து, பட்டி போடும் முன் வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். 'அண்ணே, பட்டிக்கு முந்தி ஒருவாட்டி பார்த்துக்கறேன்' என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது. வெல்டிங் அடிக்கப் போகிறவரிடம் அந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் உண்டா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முழிப்பவரிடம் அம்பாசடரை விடாதீர்கள். சாம்பல்நிற சாதாரண பிரைமரோடு வண்டியை மழையில் நிறுத்தாதீர்கள். அந்தப் பிரைமர் தண்ணீரைக் குடிக்கும். மழைக்காலத்துக்குள் பெயிண்ட் முடியாது என்றால் எபாக்ஸி பிரைமர் கேளுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்

தீ என்றால் 101, அல்லது 112. ஆம்புலன்ஸ் 108. பெட்ரோல், தின்னர் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பரவும். உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்று வண்டிக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்; வீட்டுக்குள் அலமாரியில் இருப்பது இல்லாததற்குச் சமம். தீக்காயத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். இங்க், பேஸ்ட், மாவு எதையும் பூசாதீர்கள். கண்ணில் ரசாயனம் பட்டால் இமையை விரித்துப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், டின்னையும் கையோடு கொண்டுபோங்கள். பெரிய தீக்காயத்துக்குப் பேர்போன கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை, திருத்தணியிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொண்டு கிரைண்டர் சுவிட்சைத் தொடுங்கள்.

டிங்கர் கேட்கும் கூலி அதிகமாகத் தெரியலாம். பட்டறையில் மூன்று மாசம் காத்திருக்கச் சொல்வார். காத்திருங்கள். 50 வருஷம் ஓடி நின்ற வண்டி, இன்னும் மூன்று மாசத்தில் மக்கிவிடாது.